பால்மா வந்தது, தண்ணீர்?

தாயில்லாத பிள்ளையின் பிறப்பை யார் பதிவது, மூன்று மாதக் கெடு முடியப்போகிறதே என்று நீர்வேலிப் பக்கமிருந்து கடிதங்கள் வருகின்றன. பதில் கீழே இருக்கிறது. ஆனால் அதே கடிதங்களில் போகிறபோக்கில் வரும் இன்னொரு தகவல்தான் கவலை தருகிறது: வெளிநாட்டு உறவினர் பால்மாப் பெட்டி அனுப்பிவிட்டார்கள், அம்மம்மா கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கரைத்துக் கொடுக்கிறார்.

கொதித்தாறிய நீர் பாதுகாப்பானது என்பது சுகாதாரப் பகுதியினரின் வழமையான அறிவுரை. கிருமியைப் பொறுத்தவரை சரிதான். நீர்வேலி அடங்கும் வலிகாமத்தின் சிக்கல் கிருமியோடு முடிவதில்லை. செம்மண்ணுக்கு அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். வாழைக்கும் வெங்காயத்துக்கும் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதனூடாகக் கிணற்றுக்கு இறங்கி நைத்திரேற்றாகின்றன. அது கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையே போத்தல்பால் குடிக்கும் சிசுக்களைக் கருதி வகுத்தது. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். சிசுவின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்குள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பிள்ளை நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லிலீற்றர் குடிக்கிறது. அந்தக் கணக்கில் 60 கிலோ ஆள் 9 லீற்றர் குடிக்கவேண்டும். தாய் அதே கிணற்று நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைத்திரேற்று பெரிதாகச் சேர்வதில்லை. ஆகவே இந்தக் கேடு முதலில் வந்து சேர்வது தாயை இழந்த பிள்ளையிடம்தான்.

இனி, கடிதங்களில் வந்த கேள்விகள். பிறப்பை யார் பதிவது? தகப்பன் பதியலாம், பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம் போகவேண்டும், வசிக்கும் இடத்தவரிடம் அல்ல.

கெடு தாண்டினால்? காலங்கடந்த பதிவு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

திரிபோசா சத்துமா கிடைக்குமா? முதல் ஆறு மாதம் அது பாலூட்டும் தாய்க்குரியது. வளர்க்கும் அம்மம்மா அந்தப் பட்டியலில் இல்லை.

எழுதிக்கொடுத்தால் தத்தாகுமா? ஆகாது, 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

எவ்வளவு பால்மா? ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ, அதாவது 400 கிராம் பொதிகள் 50.

பெட்டி அனுப்பும் உறவுகளே, ஒரு பெட்டியோடு நிறுத்தாதீர்கள். அந்த வீட்டுக் கிணற்று நீரைச் சோதிக்கும் செலவையும், நைத்திரேற்று நீக்கிய நீருக்கான மாதச் செலவையும் சேர்த்தே அனுப்புங்கள்.