சுழல்தசைப் பட்டைச் சீரமைப்பில் இருதலைத் தசைநாண் விடுவிப்பு: தேவையும் தேர்வும்

முன்னுரை

மனித உடலில் மிகுதியான அசைவுடைய மூட்டு தோள்மூட்டு ஆகும். மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. நான்கு தசைகளின் நாண்கள் அத்தலையைச் சூழ்ந்து நின்று அதனைக் குழியில் நிலைநிறுத்துகின்றன. இவ்வமைப்பே சுழல்தசைப் பட்டை எனப்படுகிறது. இப்பட்டை கிழியும்போது, சிறு துளைகளின் வழியே நோக்குக்கருவியைச் செலுத்தி, கிழிந்த நாணை எலும்போடு மீண்டும் பொருத்துவர். ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் இவ்வறுவையின்போது, பைசெப்ஸ் என்னும் இருதலைத் தசையின் நீள்தலை நாணை வெட்டி விடுவிப்பதும் உண்டு. ஒன்றைச் சீரமைக்கும்போது மற்றொன்றை வெட்டுவது ஏன் என்பதையும், நோயாளி அதனை முன்னரே அறிந்திருக்க வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நீள்தலை நாணின் அமைப்பு

இருதலைத் தசையின் மேல்முனையில் இரு நாண்கள் உள்ளன. குறுந்தலை நாண் மூட்டுக்கு வெளியே அமைந்துள்ளது. நீள்தலை நாணோ குழியின் மேல்விளிம்பில் தொடங்கி, மூட்டின் உள்ளே சென்று, மேற்கை எலும்பிலுள்ள பள்ளத்தின் வழியே கீழிறங்குகிறது. இது சுழல்தசைப் பட்டையை ஒட்டிச் செல்வதால், பட்டை கிழிந்தவர்களிடம் இந்நாணும் வீங்கியோ நைந்தோ காணப்படுவதுண்டு. சிலரிடம் பள்ளத்தை விட்டு விலகியும் இருக்கும். பட்டையை மட்டும் சீரமைத்து நைந்த நாணை அப்படியே விட்டால் வலி நீடிக்கக்கூடும்.

விடுவிப்பின் அடிப்படை

நைந்த நாண் தானாகவே அறுந்த சிலருக்கு வலி தணிந்ததை மருத்துவர்கள் கண்டனர். அக்கண்டறிவே விடுவிப்புக்கு வழிகாட்டியது. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் ஜில் வால்ஷும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பட்டை கிழிந்த நிலையில் நாண் வெட்டப்பட்ட 307 தோள்களை ஆராய்ந்தது. வலி தணிந்தது; ஆனால் நாட்பட்ட கிழிவால் மூட்டில் நேரும் மாற்றங்கள் தடைப்படவில்லை. எனவே, விடுவிப்பு வலிக்கான தீர்வேயன்றிப் பட்டைச் சீரமைப்புக்கு மாற்றாகாது.

இரு முறைகள்

நாணை அதன் தொடக்கத்தில் வெட்டி விடுவது ஒரு முறை. வெட்டிய முனையை மேற்கை எலும்பில் பொருத்துவது மற்றொரு முறை. முன்னது எளிது, விரைவானது. எனினும் தசை கீழ்நோக்கிச் சரிந்து மேற்கையில் உருண்டையாகப் புடைக்கலாம். 1929இல் தோன்றிய கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பெயரால் இது 'பாப்பாய்' புடைப்பு எனப்படுகிறது. பின்னது தசையின் வடிவைப் பெரிதும் காக்கிறது. ஆயினும் கூடுதல் நேரமும், பெரும்பாலும் பொருத்துகருவியும் வேண்டும்.

கனடாவில் 114 பேரிடம் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஒப்பாய்வில், தோளின் செயற்பாட்டில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாண்டு முடிவில் புடைப்பு மட்டும் வெட்டி விடப்பட்டோரில் 33 விழுக்காடாகவும், பொருத்தப்பட்டோரில் 10 விழுக்காடாகவும் இருந்தது.

முடிவுரை

செயற்பாடு ஒத்திருக்கும் நிலையில், தேர்வு நோயாளியின் வயது, தொழில், தோற்றம் குறித்த விருப்பம் ஆகியவற்றைச் சார்கிறது. நாணின் உண்மை நிலையோ பெரும்பாலும் மூட்டினுள் நோக்கும்போதே உறுதியாகிறது. அவ்வேளையில் மயக்கத்திலிருக்கும் நோயாளியிடம் கருத்துக் கேட்க இயலாது. ஆகவே, பட்டைச் சீரமைப்புக்கு இசைவு பெறும்போதே நாண் விடுவிப்பின் வாய்ப்பையும் இரு முறைகளின் விளைவுகளையும் எடுத்துரைத்து, அவரது விருப்பத்தைப் பதிவுசெய்தல் இன்றியமையாததாகும். முன்னரே அறிந்தவருக்குப் புடைப்பு தாம் ஏற்ற விளைவாகும். அறியாதவருக்கோ அது அறுவையின் பிழையாகவே தோன்றும்.