வகையறிந்து வழங்குதல்

பைதன் என்னும் செய்நிரல் மொழி, கீடோ வான் ரோசம் என்னும் ஒல்லாந்தரால் 1991இல் வெளியிடப்பட்டது. நம் உயர்தர வகுப்பு மாணவரும் இதனைப் பயில்கின்றனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இதன் முதற்பாடம் புதிதாகத் தோன்றவில்லை.

தமிழிற் பெயர்கள் திணையாற் பகுக்கப்படுமாறுபோல, இம்மொழியில் தரவுகள் வகையாற் பகுக்கப்படும். 25 என்பது நிறைவெண், 2.5 என்பது தசம எண். மேற்கோட் குறிக்குள் நிற்கும் எழுத்துத் தொடர் சரம். உண்மை, பொய் என்னும் இரண்டே பெறுமானமுடையது பூலியன். இப்பெயர், ஜோர்ஜ் பூல் (1815–1864) என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் வழி வந்தது. பெறுமானத்துக்கு நாம் இட்டு வழங்கும் பெயர் மாறி எனப்படும்.

வகையறியாதார்க்கு நேரும் இடர் யாது? விசைப்பலகை வழியாகப் பெறுவன யாவும் சரமாகவே வந்து சேரும். அவற்றை எண்ணாக மாற்றாது கூட்டுவோன், 45, 50 என்னும் பரீட்சைப் புள்ளிகளுக்கு 95 காணான், 4550 காண்பான். சரங்களிடையே கூட்டற்குறி ஒட்டும் தொழிலையே செய்யும். எண்ணோடு சரத்தைக் கூட்ட ஏவினாலோ, திணைவழுக் கண்ட ஆசிரியன்போலப் பொறி வழுக்கூறி நின்றுவிடும். நிற்கும் வழுவினும் நில்லாது செல்லும் வழுவே கொடிது.

இனி, பொன், குடம் என்னும் சரங்களைக் கூட்டின் பொன்குடம் என்றே வரும், பொற்குடம் ஆகாது. தமிழ் என்னும் சொல்லின் நீளத்தை வினவின், மூன்று என்னாது ஐந்து என்னும். இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் அது தனித்தனி எண்ணுகின்றது. புணர்ச்சியும் எழுத்திலக்கணமும் பொறி தானே அறியா. நாமே அறிவித்தல் வேண்டும். ஆதலின், கணினி கற்கும் மாணவர் தமிழ் வகுப்பைப் புறக்கணியாதிருப்பாராக.