கணப்பும் தணலும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், பெங்களூருப் பீடபூமியில் மார்கழி, தை மாதங்களின் பின்னிரவுகள் குளிர் மிக்கவை. ஓசூர் நெடுஞ்சாலையை அடுத்த ஹெப்பகோடி போன்ற தொழிற்பகுதிகளில் இரவுக் காவலரும் கட்டட வேலையாட்களும் விறகு மூட்டிக் குளிர் காய்வதுண்டு. இக்கணப்பின் சுடரைக் கண்டு அஞ்சுவோர் பலர். சுடர் தணிந்தபின் எஞ்சும் தணலின் அபாயத்தை அறிந்தோர் சிலரே.

முதலில் இடம். குடிசை, கூரை, வைக்கோற்போர், வாகனம் ஆகியவற்றிலிருந்து போதிய தொலைவு தள்ளி, வெறுந்தரையில் மூட்டுதல் வேண்டும். சுற்றிலுமுள்ள சருகுகளை அகற்றிக் கற்களை வட்டமாக அடுக்குக. நீரில் ஊறிய கற்கள் சூட்டில் வெடிக்கக்கூடுமாதலால் அவற்றை விலக்குக. காற்று பலமாக வீசும்போது கணப்பு மூட்டலாகாது.

அடுத்தது விறகு. பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராக இருக்கக்கூடும். அந்நீர் ஆவியாவதிலேயே வெப்பம் வீணாகிப் புகை மிகும். நன்கு உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புகள் காணப்படும். இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், டயர் ஆகியவற்றின் புகை நச்சுடையது. சுள்ளிகளைக் காற்று நுழையுமாறு அடுக்கிப் பற்றவைத்து, பின்னர்ப் பெரிய கட்டைகளை இடுக. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்திரா ஆய்வுக்குழு உருவாக்கிய ‘அஸ்திரா ஒலெ’ அடுப்பிலும் விறகு நன்கு எரிவதற்குக் காற்றோட்டமே அடிப்படை. எரியும் நெருப்பில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுதல் ஒருபோதும் கூடாது.

இனித் தணல். குளிருக்கு அஞ்சிச் சிலர் தணலைச் சட்டியில் அள்ளி, அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவர். புகையில்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியன இதன் அறிகுறிகள். உறங்குபவரோ இவற்றை உணராமலே உயிரிழக்கக்கூடும். அத்தகையவரை உடனே திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 108-க்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

கணப்பை விட்டு நீங்குமுன் நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் நீர் ஊற்றுக. மண்ணால் மூடினால் மட்டும் போதாது. உள்ளே தணல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். புறங்கையை அருகே கொண்டுசென்றால் வெப்பம் தோன்றாதிருத்தலே அணைந்தமைக்கு அடையாளம். தீப்புண் ஏற்படின் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீரில் காட்டுக. மையோ பற்பசையோ தடவலாகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் எரியும் மெழுகுவத்தியின்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டலாம். காற்றின் பிராணவாயு குறையவே சுடர் அணைந்துவிடும். ஆனால் மூடிய அறையில், தணல் அணைவதற்கு வெகு முன்னரே மனிதர் வீழ்ந்துவிடுவர். இவ்வேற்றுமையை மாணவர் மனத்திற் பதியவைத்தால், அவர்கள் மூலம் அச்செய்தி வீடுகளுக்கும் எட்டும்.