ஹாலந்து வக்கீலின் மூன்று நாள் புரட்சி

1918-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந்தேதி. ஹாலந்து நாட்டின் ஹேக் நகரம். பார்லிமெண்டில் ஒருவர் பேச எழுந்தார். வயது 58. நரைத்த தாடி. தொழிலால் வக்கீல். மனதால் கவிஞர். ஏழைத் தொழிலாளர்களின் தலைவர்.

அவர் பேசப்பேச, மந்திரிகளின் முகம் வெளுத்தது. "இந்த சர்க்காருக்கு இனி நாட்டை ஆளத் தகுதி இல்லை. தொழிலாளர்கள் ஆட்சியை ஏற்கும் வேளை வந்துவிட்டது" என்பதே அவருடைய பேச்சின் சாரம். அதாவது, புரட்சி!

இரண்டே நாட்கள் கழிந்தன. அதே மனிதர் அதே சபையில் மீண்டும் எழுந்தார். நிலைமையைத் தவறாக எடை போட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

அந்த வக்கீலின் பெயர் பீட்டர் யெல்லஸ் ட்ரூல்ஸ்ட்ரா. அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு தட்டில். அந்தச் சில நாட்கள் மறு தட்டில். ஹாலந்து மக்கள் இன்றும் இரண்டாவது தட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

வடகோடியில் பிறந்தவர்

ஒரு காலத்தில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் நடத்திய டச்சுக்காரர்களின் நாடுதான் ஹாலந்து. அதன் வடக்கே பிரீஸ்லாந்து என்று ஒரு மாகாணம். பசுக்களுக்கும் பால் வெண்ணெய்க்கும் பேர்போனது. அந்த மக்களுக்குத் தனி மொழி உண்டு. டச்சு மொழி வேறு; பிரீசிய மொழி வேறு.

அந்த மாகாணத்தின் தலைநகர் லேவார்டன். அங்கே 1860-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி ட்ரூல்ஸ்ட்ரா பிறந்தார். தகப்பனார் வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார் பிள்ளை.

குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிக்கும்போதே கவிதையும் எழுதினார். டச்சு மொழியில் அல்ல; தாய்மொழியான பிரீசிய மொழியில். "பீட்டர் யெல்லஸ்" என்ற பெயரில் வந்த அந்தப் பாட்டுகளுக்கு ஊரில் நல்ல பெயர்.

1888-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கல்யாணம். மணமகள் சாதாரணப் பெண் அல்ல. பிற்காலத்தில் "நீன்கே பான் ஹிக்டம்" என்ற புனைபெயரில் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்றவர். பத்துக் குழந்தைகளைப் பெற்ற ஓர் ஏழைத் தாயைப் பற்றி அவர் 1903-ல் எழுதிய கதை, ஹாலந்தில் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது.

லேவார்டனில் வக்கீல் பலகை மாட்டினார் ட்ரூல்ஸ்ட்ரா. கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆனால் பணம் வரவில்லை! காரணம், வந்தவர்களில் பலர் கூலிக்காரர்கள்.

அப்போது அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் வந்து இறங்கியது. உள்ளூர் விளைச்சலுக்கு விலை இல்லை. பண்ணையாளர்கள் ஆட்களை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டும் கூலிகள். அந்த மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி உலர்த்தினால் அடுப்புக்கு ஆகும். நாள் முழுவதும் இடுப்பளவு ஈரத்தில் நின்று வெட்டியவர்களின் குடிசையில் அடுப்பு எரிந்ததா என்று கேட்க ஆள் இல்லை. கவிஞர் பீட்டர் யெல்லஸ் மெல்ல மெல்ல அரசியல்வாதி ஆனது இப்படித்தான்.

பன்னிரண்டு பேர்

ஹாலந்தில் அப்போது ஏழைகளின் தெய்வமாக விளங்கியவர் டொமேலா நியூவன்ஹைஸ். பாதிரியாராக இருந்து வேலையைத் துறந்தவர். பார்லிமெண்டில் நுழைந்த முதல் சோஷலிஸ்டு அவரே. ஆண்டு 1888. ஆனால் மூன்றே ஆண்டில் அந்த இடம் போயிற்று. "தேர்தலால் பயன் இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிட்டார் பெரியவர்.

வக்கீலின் மனம் அதை ஏற்கவில்லை. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் சட்டசபைக்குள் போகவேண்டும். உள்ளே போக ஓட்டு வேண்டும். இது அவர் கட்சி.

1894-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி ஸ்வோல் நகரத்தில் ஒரு புதிய கட்சி பிறந்தது. பெயர், சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி. தொடங்கியவர்கள் பன்னிரண்டே பேர்! வைரம் பட்டை தீட்டுகிறவர் ஒருவர். வீட்டுக்கு வண்ணம் பூசுகிறவர் ஒருவர். ஜாவாவில் வாய்க்கால் வெட்டிய என்ஜினீயர் ஒருவர். வக்கீல் ட்ரூல்ஸ்ட்ரா ஒருவர். "பன்னிரண்டு சீடர்கள்" என்று ஊரார் கேலி செய்தார்கள். ஏசுநாதருக்கும் சீடர்கள் பன்னிரண்டு பேர்தானே!

மூன்று சகோதரர்கள்

1895-ம் ஆண்டு டிசம்பர் மாதம். லேவார்டனுக்குப் பக்கத்தில் பிரிட்சம் என்ற கிராமம். இரவில் ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். வீட்டுக்காரரைத் தாக்கினார்கள்.

போலீசார் மூன்று சகோதரர்களைப் பிடித்தார்கள். ஹோகர்ஹைஸ் என்பது குடும்பப் பெயர். மூவரும் ஏழைத் தொழிலாளர்கள். சோஷலிஸ்டுகள் வேறு. அக்காலத்துப் போலீசுக்கு அதுவே பாதி சாட்சி! மூவரும் "நாங்கள் செய்யவில்லை" என்று கதறினார்கள். 1896-ல் தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு 12 ஆண்டு. ஒருவருக்கு 11 ஆண்டு. ஒருவருக்கு 6 ஆண்டு.

ட்ரூல்ஸ்ட்ரா இந்த வழக்கைக் கையில் எடுத்தார். சாட்சியங்களை அலசினார். குற்றவாளிகள் வேறு ஆட்கள் என்று வாதாடினார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். 1897-ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அங்கேயும் இதை எழுப்பினார். பிரான்சில் டிரைபஸ் என்ற ராணுவ அதிகாரியைப் பொய் வழக்கில் தண்டித்த விவகாரம் உலகத்தையே கலக்கிய நேரம் அது. "இது ஹாலந்தின் டிரைபஸ் வழக்கு" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் டிரைபஸ் விடுதலை ஆனார். ஹோகர்ஹைஸ் சகோதரர்களுக்கோ மறு விசாரணைகூடக் கிடைக்கவில்லை. நாடெங்கும் எழுந்த குரல் நீதிபதிகளின் காதில் ஏறவில்லை. இந்தத் தோல்வி ட்ரூல்ஸ்ட்ராவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கோர்ட்டில் ஏழைக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், ஏழைக்கு மிஞ்சுவது ஓட்டு ஒன்றுதான். அந்த ஓட்டாவது இருந்ததா?

பரீட்சை எழுதினால் ஓட்டு!

1896-ம் ஆண்டுச் சட்டம் வேடிக்கையானது. வரி கட்டுகிறவருக்கு ஓட்டு உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வீட்டு வாடகை கொடுக்கிறவருக்கு ஓட்டு உண்டு. குறிப்பிட்ட சம்பளம் வாங்கினால் உண்டு. பாங்கியில் சேமிப்பு இருந்தால் உண்டு. சில பரீட்சைகளில் தேறியிருந்தாலும் உண்டு! இவற்றில் எதுவும் இல்லாதவனுக்கு இல்லை. வயது வந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓட்டு கிடையாது. பெண்களுக்கோ அறவே கிடையாது.

இதை மாற்ற ட்ரூல்ஸ்ட்ரா இருபது ஆண்டு போராடினார். 1900-ல் கட்சிக்காகத் தினசரிப் பத்திரிகை தொடங்கியபோது அவரே முதல் ஆசிரியர். பெயர் "ஹெட் போல்க்". "மக்கள்" என்று பொருள்.

1903-ல் ரெயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்து வென்றார்கள். உடனே பிரதம மந்திரி கைப்பர், ரெயில்வேக்காரர்கள் இனி வேலை நிறுத்தம் செய்யக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து நடந்த இரண்டாவது வேலை நிறுத்தம் படுதோல்வி. அதை ஆதரிப்பதா, தடுப்பதா என்று ட்ரூல்ஸ்ட்ரா அங்கும் இங்கும் ஊசலாடியது நண்பர்களுக்கே பிடிக்கவில்லை. சொந்த வாழ்க்கையிலும் அமைதி இல்லை. 1907-ல் எழுத்தாளர் மனைவியோடு விவாகரத்து. பிறகு மறுமணம்.

ஹாலந்தில் செப்டம்பர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஒரு திருநாள் போல. அன்றுதான் பார்லிமெண்டு கூடும். அக்காலத்தில் ராணி வண்டியில் வருவார். 1911-லும் 1912-லும் அதே நாளில் ஹேக் நகரத்தில் தொழிலாளர்கள் ஆயிரம் ஆயிரமாகத் திரண்டார்கள். "எல்லோருக்கும் ஓட்டு" என்று கேட்டு 3 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் சேர்ந்தன. "சிவப்புச் செவ்வாய்" என்று பெயர் வந்தது.

1913-ம் ஆண்டுத் தேர்தலில் கட்சியின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. "மந்திரி பதவி தருகிறோம், வாருங்கள்" என்று மிதவாதிகள் அழைத்தார்கள். கட்சி மாநாடு கூடி, "வேண்டாம்" என்று மறுத்தது! முதலாளிகளோடு கூட்டா என்ற எண்ணம். அந்தக் கதவு மறுபடி திறக்க எத்தனை காலம் ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1917-ல் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. பெண்களுக்குத் தேர்தலில் நிற்க மட்டும் உரிமை. "முதலில் தொழிலாளிக்கு, பிறகு பெண்ணுக்கு" என்பதுபோல் ட்ரூல்ஸ்ட்ராவின் கட்சி நடந்துகொண்டதாகப் பெண்ணுரிமை வீராங்கனைகள் மனம் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் ஒன்று. 1918 தேர்தலில் வென்று ஹாலந்து பார்லிமெண்டில் நுழைந்த முதல் பெண்மணி சூசே குரூனவெக், இந்தக் கட்சியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை.

நவம்பர் நாட்கள்

முதல் உலகப்போரில் ஹாலந்து சேரவில்லை. ஆனாலும் பசி வந்து சேர்ந்தது. ரொட்டிக்கு ரேஷன். போருக்குப் போகாமலே ஆண்டுக்கணக்கில் பாசறையில் அடைந்து கிடந்த சிப்பாய்கள் சலித்துப் போனார்கள். 1918 அக்டோபர் கடைசியில் ஹார்ஸ்கம்ப் பாசறையில் கலகமே மூண்டது.

நவம்பர் 9-ந்தேதி பக்கத்து நாடான ஜெர்மனியில் புரட்சி. மறுநாள் ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் எல்லை தாண்டி ஓடிவந்தார். எங்கே? ஹாலந்துக்குத்தான்!

ராட்டர்டாம் நகரத் தலைவர் சிம்மர்மான் பயந்துவிட்டார். புரட்சி வந்தால் ஊரில் ஒழுங்கைக் காப்பது எப்படி என்று தொழிலாளர் தலைவர்களையே கூப்பிட்டுப் பேசினார். செய்தி ட்ரூல்ஸ்ட்ராவுக்கு எட்டியது. எதிரியே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

நவம்பர் 11-ந்தேதி இரவு ராட்டர்டாம் கூட்டத்தில் முழங்கினார். மறுநாள் பார்லிமெண்டில் முழங்கினார். ரத்தம் சிந்தாமலே ஆட்சி கை மாறும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அடுத்தது என்ன? எந்த ஆலையை நிறுத்துவது? எந்தப் படை வரும்? ஒரு திட்டமும் இல்லை! சொந்தக் கட்சிக்காரர்களே திகைத்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவரான வண்ணம் பூசும் தொழிலாளி ஸ்காப்பர், இது கூடாது என்று எதிர்த்து நின்றார்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. நம்பகமான படைகள் நகரங்களுக்கு விரைந்தன. கத்தோலிக்கத் தொண்டர்கள் திரண்டார்கள். 13-ந்தேதி ஆம்ஸ்டர்டாமில் தீவிரவாதிகள் பாசறை நோக்கி ஊர்வலம் போனார்கள். துப்பாக்கி வெடித்தது. சிலர் மாண்டார்கள்.

14-ந்தேதி ட்ரூல்ஸ்ட்ரா தம் கணக்கு பிழை என்று சபையில் ஒப்புக்கொண்டார். புரட்சி முடிந்தது.

18-ந்தேதி ஹேக் நகரத்து மைதானத்தில் பெருங்கூட்டம். ராணி வில்ஹெல்மினா ஒன்பது வயது மகள் ஜூலியானாவுடன் வண்டியில் வந்தார். சிப்பாய்கள் ஓடிவந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தாங்களே இழுத்தார்கள்! ட்ரூல்ஸ்ட்ரா நம்பியிருந்த சிப்பாய்கள் இவர்களே.

பயம் தந்த பரிசு

இங்கே கதை முடிந்திருந்தால் அது வெறும் தோல்விக் கதை. ஆனால் மந்திரிகளைப் பிடித்த பயம் விடவில்லை. 1919-ம் ஆண்டிலேயே பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதே ஆண்டில் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. அதுவரை எத்தனையோ ஆண்டுகளாகக் கெஞ்சியும் கிடைக்காதவை! அவற்றைக் கேட்டுப் போராடியவருக்கு மாலை இல்லை. அவசரக்காரர் என்ற பட்டம்தான் மிச்சம். ஹாலந்துச் சரித்திரப் புத்தகங்களில் "ட்ரூல்ஸ்ட்ராவின் தவறு" என்றே அதற்குத் தலைப்பு.

உடல் தளர்ந்தது. 1925-ல் தலைமையை விட்டு விலகினார். வாழ்க்கை வரலாற்றை நான்கு பாகங்களாக எழுதினார். 1930-ம் ஆண்டு மே 12-ந்தேதி ஹேக் நகரத்தில் காலமானார்.

அவருடைய கட்சியை நம்பி மந்திரி பதவி கொடுக்க மற்றக் கட்சிகள் 1939-ம் ஆண்டு ஆகஸ்டு வரை துணியவில்லை. அந்த மாதம், அவருக்குப் பின் தலைவரான அல்பார்டாவும் இன்னொருவரும் மந்திரி ஆனார்கள். அவர்களை மந்திரிகளாக நியமித்தவர் அதே ராணி வில்ஹெல்மினா. ஒன்பதே மாதங்களில் ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. ராணியும் லண்டனுக்குப் போனார். சோஷலிஸ்டு மந்திரிகளும் லண்டனுக்குப் போனார்கள்.