கிணற்று நீரும் பங்கு விலையும்

ஆர்.ஆர்.எஸ்.பி. காலம் வந்துவிட்டால், "அண்ணை, எந்தக் கம்பனிப் பங்கு ஏறும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் கம்பனி தண்ணீரை எப்படி நடத்துகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். சிரிப்பார்கள்.

ரொறன்ரோ பங்குச்சந்தையில் உள்ள இம்பீரியல் மெற்றல்ஸ் கம்பனிக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பொலி என்ற செப்பு, தங்கச் சுரங்கம் உண்டு. 2014 ஓகஸ்ட் 4ஆம் திகதி அதன் கழிவு அணை உடைந்து, சேறும் நீரும் குவெனல் ஏரிவரை பாய்ந்தன. அன்று விடுமுறை நாள். மறுநாள் சந்தை திறந்ததும் பங்கு விலை ஏறக்குறைய 40 வீதம் விழுந்தது.

சுன்னாகத்தில் அப்படி எதுவும் உடையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. எண்ணெய் இறங்கினாலும் அதே வழிதான். அங்கே அனல் மின்நிலையத்தை நடத்திய நொதேர்ண் பவர், கொழும்புப் பங்குச்சந்தையில் இடம்பெற்றிருந்த எம்.ரி.டி. வோக்கர்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2015இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரலில்: பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் தெரியும் சேதத்துக்குச் சந்தை ஒரே நாளில் விலை போட்டுவிடுகிறது. நிலத்துக்குக் கீழே மெல்லப் பரவும் சேதத்துக்கு ஒரு நீதிமன்றம் விலை சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதுவரை செலவு கிணற்றுக்காரருடையது. போத்தல் தண்ணீர் வாங்குவதும் அவர்தான். கம்பனியின் இலாபநட்டக் கணக்கில் அந்தச் செலவு வராததால் இலாபம் கூடத்தான் தெரியும்.

கணக்கியல் விதி இதுதான். நட்டஈடு கொடுக்க நேராமல் போவதைவிட நேரும் வாய்ப்பே அதிகம் என்றாகி, தொகையையும் மதிப்பிட முடிந்தால் அதை இலாபத்திலிருந்து கழித்து ஏற்பாடாக வைக்க வேண்டும். நேரலாம் என்ற அளவில் மட்டும் இருந்தால் ஐந்தொகையில் வராது. பின்னால் உள்ள குறிப்புகளில் 'நிகழத்தக்க பொறுப்புகள்' என்று ஓரிரு பந்தியில் கிடக்கும்.

ஆகவே ஆண்டறிக்கையில் சிறுவர்கள் மரம் நடும் வண்ணப்படங்களைச் சமூகப் பொறுப்பு என்று நம்பி நின்றுவிடாதீர்கள். (படம் எடுக்கும் செலவு குறைவு.) அந்தக் குறிப்புகளைத் தேடுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்கள், அதிலுள்ள முதல் 10 கம்பனிகளின் பட்டியலை ஆலோசகரிடம் கேட்டு வாங்கலாம். கனேடியக் கம்பனிகளின் அறிக்கைகள் செடார் பிளஸ் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.