அப்பாவோட அஞ்சு வெள்ளைச் சட்டையும் ஒன்றரை கிலோ உப்பும்

இதை ரெக்கார்ட் பண்றப்போ என் நகமெல்லாம் நீலமா இருக்கு. கிளவுஸ் போடணும்னு நாலு பேருக்குச் சொல்லிட்டு நான் போடல. அதனால இன்னைக்கு நான் சொல்றதை மட்டும் கேளுங்க, செஞ்சதைப் பார்க்காதீங்க.

விஷயம் இதுதான். அப்பா ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆபீஸுக்குப் போட்ட வெள்ளைக் காட்டன் சட்டை அஞ்சு, பழுப்பேறிப் போய் பீரோவுல கிடக்குது. தூக்கியும் போட மாட்டார், போட்டுக்கவும் மாட்டார். அதுக்கு நேவி ப்ளூ சாயம் போட்டுடலாம்னு ஈரோடு வீட்டுக்குப் போனப்போ வாஷிங் மெஷினைக் கையில எடுத்தேன்.

முதல் கேள்வி, உங்க துணி என்ன நூல்? சட்டையோட உள்பக்கத் தையல்ல இருந்து ரெண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்க. பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலானா காட்டன். உருகி, ஆறினதும் கெட்டி உருண்டையா நின்னா பாலியஸ்டர். பாலியஸ்டருக்கு வேற வகைச் சாயம், சுமார் 130 டிகிரி சூடு, பிரஷர் எல்லாம் வேணும். அது நம்ம மெஷினால ஆகுற காரியம் இல்ல. போன வருஷம் இது தெரியாம ஒரு பெட்ஷீட்டைக் கறுப்பாக்கப் போய், சாம்பல் கலர் ஜமுக்காளமா எடுத்து வச்சேன். பட்டு, கம்பளிக்கும் இந்த முறை வேண்டாம், சோடா அதைக் கெடுத்துடும்.

காட்டனுக்கு வேண்டியது ரியாக்டிவ் சாயம். 1954-ல இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனியில ரட்டீ, ஸ்டீஃபன்னு ரெண்டு கெமிஸ்ட் கண்டுபிடிச்சாங்க, 1956-ல கடைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி காட்டனுக்கு இருந்த பல சாயங்கள் நூல்ல ஒட்டிக்கிட்டோ, நூலுக்குள்ள மாட்டிக்கிட்டோதான் இருந்துச்சு. இது நூலோட கெமிக்கலாவே பிணைஞ்சுடுது. பிரிக்கிறது கஷ்டம்.

ஆனா ஒரு சிக்கல். தண்ணியில நூலுக்கும் நெகட்டிவ் சார்ஜ், சாயத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். அந்தச் சண்டையை விலக்கி, சாயத்தை நூல் பக்கம் தள்ளுறதுதான் உப்போட வேலை. கிட்ட வந்ததும் பிணைய வைக்கிறது சோடா ஆஷ். அதாவது சலவை சோடா, ஆப்ப சோடா இல்ல! சோடா விழுந்ததும் தண்ணியோட பி.எச். ஏறும், ரியாக்‌ஷன் ஓட ஆரம்பிக்கும். எங்க பாஷையில சொன்னா அதுதான் கமிட். அதுக்கப்புறம் ரோல்பேக் கிடையாது. சாயம் நூலோட மட்டும் இல்லாம தண்ணியோடயும் சேர்ந்து வீணாகும். அதனால மிச்சத்தைப் பாட்டில்ல பிடிச்சு அடுத்த வாரத்துக்கு வைக்கிற கதையும் இல்ல.

இங்கதான் எங்கம்மாவோட பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஹீரோ ஆச்சு. என் சென்னை ஃப்ளாட்ல இருக்குற ஃப்ரண்ட் லோடு, கதவைப் பூட்டிக்கும், தானா தண்ணியைக் கொட்டிடும், நடுவுல சோடா போட விடாது. செமி ஆட்டோமேட்டிக்ல நாம சொன்னாத்தான் தண்ணி வெளிய போகும்.

அஞ்சு சட்டையும் சேர்ந்து ஒரு கிலோ. முதல்ல வெந்நீர்ல டிடர்ஜென்ட்டும் கொஞ்சம் சோடாவும் போட்டு நல்லா துவைச்சேன். இதைத் தாண்டிப் போகாதீங்க. சாயம் பெயின்ட் மாதிரி மூடாது, அடியில இருக்குற கலர் தெரியும். பழுப்பு மேல நீலம் போட்டா லேசா பச்சை அடிக்கும். அப்புறம் டப்ல 30 லிட்டர் தண்ணி, ஒன்றரை கிலோ தூள் உப்பு. 40 கிராம் சாயத்தைத் தனியா கரைச்சு வடிகட்டி ஊத்தினேன். பொடியைக் கொட்டும்போது மாஸ்க் கட்டாயம், அது மூச்சுல போனா அலர்ஜி வரும். ஈரத் துணியைப் போட்டு 20 நிமிஷம் ஓட்டினேன். 300 கிராம் சோடாவை வேற பக்கெட்ல கரைச்சு, துணி மேல நேரா படாம மெதுவா ஊத்தி, டைமரைத் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம். வெயில்காலத் தண்ணியே போதுமான சூடுதான்.

அப்புறம் அலசல். முதல்ல பச்சைத் தண்ணியில உப்பும் சோடாவும் போகணும், அதுக்கப்புறம் வெந்நீரும் சோப்பும். பிணையாம நூல்ல சும்மா உட்கார்ந்திருக்குற சாயத்தை வெந்நீர்தான் இறக்கும். புதுத் துணி முதல் துவையல்ல சாயம் விடுதுன்னா, கடைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த அலசல் சரியா நடக்கலன்னு சந்தேகப்படலாம்.

நீலத் தண்ணி ட்யூப் வழியா ஓடுறதை வாசல்ல நின்னு பார்த்துட்டு இருந்தாங்க எங்க மாமா. அம்மாவோட அண்ணன். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில தோட்டம். "எத்தன உப்பு போட்ட கண்ணு?"ன்னு கேட்டாங்க. சாயத்தைக் கேட்கல. "ஒன்றரை கிலோ மாமா."

"சாயம் கண்ணுக்குத் தெரியுஞ் சாமி. உப்பு தெரியாது."

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள்ல பனியன் துணிக்கு நடக்குறதும் இதே கெமிஸ்ட்ரிதான், அளவுதான் பிரம்மாண்டம். பாசனத்துக்காக நொய்யல்ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்கன்னு விவசாயிகளே கெஞ்சுற நிலைமை வந்துச்சு. 2011 ஜனவரியில, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளிய விடக்கூடாதுங்கிற விதியை நிறைவேத்தலன்னு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. கலரை நீக்க வழி நிறைய இருக்கு. கரைஞ்ச உப்பைப் பிரிக்கணும்னா ஆர்.ஓ. வச்சு, மிஞ்சுறதைக் கொதிக்க வச்சு ஆவியாக்கணும். செலவு அங்கதான். மாமாவோட தோட்டத்துக் கிணத்துத் தண்ணியை நான் சின்ன வயசுல ஒரு தடவை வாயில வச்சுத் துப்பியிருக்கேன், அவ்வளவு கரிப்பு.

நான் விட்டது ஒன்றரை கிலோதான். ஆனா அந்த உப்புல ஒரு கிராம்கூடத் துணியில தங்கல, மொத்தமும் சாக்கடைக்குத்தான் போச்சு. அதனால கணக்கை மாத்திக்கிட்டேன். உப்பு துணியோட எடைக்கு இல்ல, தண்ணியோட அளவுக்குப் போடுறது. தண்ணி குறைஞ்சா உப்பும் குறையும், ஆனா துணி புரள இடம் இல்லாட்டி திட்டுத் திட்டா பிடிக்கும். வெளிர் கலருக்கு உப்பு ரொம்பக் கம்மியா போதும். அடுத்தது அம்மாவோட தலையணை உறை, இளநீலம்தான். செப்டிக் டேங்க் இருக்குற வீடு, செடிக்குப் போற தண்ணி, கிணறு பக்கம்னா மெஷின்ல பண்ணவே வேண்டாம்.

முடிச்சதும் காலி மெஷினை வெந்நீரும் ப்ளீச்சும் விட்டு ஒரு ரவுண்ட் ஓட்டுங்க. அடுத்த லோடு கறுப்புத் துணியா இருக்கட்டும்.

சட்டை நல்லா வந்திருக்கு. தையல் நூல் பாலியஸ்டர்ங்கிறதால அது மட்டும் வெள்ளையாவே நிக்குது. அப்பா ஒண்ணைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துட்டார். மிச்ச நாலும் திரும்ப பீரோவுலதான் இருக்கு.