போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இடையக மேலாண்மை: பூட்டுகளைக் குறைத்த வரலாறு

கட்டற்ற தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், வட்டிலிருந்து படிக்கும் 8 கிலோபைட் பக்கங்களைப் பகிர்வு இடையகம் எனும் நினைவகப் பகுதியில் வைத்துக்கொள்கிறது. அதன் இயல்பளவு 128 மெகாபைட். அதாவது 16,384 பக்கங்கள். அது நிறைந்தபின் புதிய பக்கத்துக்காக எதை வெளியேற்றுவது?

2005ஆம் ஆண்டில் மட்டும் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் நடைமுறையில் இருந்தன. ஜனவரியில் வெளியான 8.0 பதிப்பு ஏஆர்சி நெறிமுறையைக் கொண்டிருந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் குறுக்கிட்டதால் 8.0.2இல் டூ-கியூ அவ்விடத்தைப் பெற்றது. நவம்பரில் வந்த 8.1, கடிகாரச் சுற்று முறைக்கு மாறியது. முதல் மாற்றத்துக்குச் சட்டம் காரணம். இரண்டாவதன் காரணமே ஆய்வுக்குரியது.

முந்தைய முறைகள் பக்கங்களைப் பட்டியல்களில் வரிசைப்படுத்தின. அவற்றைப் பேண ஒரே பொதுப் பூட்டு தேவைப்பட்டது. எனவே, வேண்டிய பக்கம் நினைவகத்திலேயே இருந்தபோதும் செயல்முறைகள் பூட்டுக்காகக் காத்துநின்றன. கடிகாரச் சுற்றிலோ, பக்கத்தைப் பயன்படுத்தினால் அதன் பயன்பாட்டு எண் ஒன்று கூடும், உச்சவரம்பு 5. இடம் தேவைப்படும்போது முள் சுற்றிவந்து எண்களை ஒவ்வொன்றாகக் குறைக்கும். எண் சுழியமாகி, எவரும் பயன்படுத்தாதிருக்கும் பக்கம் வெளியேறும். தேர்வின் துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்தே இவ்விரைவு பெறப்பட்டது. பாடநூல்கள் பெரிதும் போற்றும் கிடைப்பு விகிதத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர்க்கு இது பின்னடைவாகத் தோன்றலாம்.

2016இல் வெளியான 9.6, பக்கத்தைப் பிடித்துவைப்பதையும் விடுவிப்பதையும் பூட்டின்றிப் பகுக்கவியலாத ஒற்றைச் செயலாக்கியது. எனினும் ஒரு குறை நீடிக்கிறது: எல்லா எண்களும் 5ஐ எட்டிவிடின், முள் ஐந்து முழுச் சுற்றுகளை முடித்த பின்னரே ஓர் இடையகம் கிடைக்கும்.